ஒரே மணிக்கு எட்டு மிஷின்

நம் கம்பெனியில் வாடிக்கையாளரிடம் நிரப்பக் கொடுக்கும் படிவத்தின் பதினோராவது கேள்வியைப் பார்த்து, டிசைன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்களாம். செய்தி எனக்கு வந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றேனே தவிர, காது இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறது.

முதல் பத்துக் கேள்விகளும் யோக்கியமானவை. எத்தனை கேவிஏ, எந்த ஃபேஸில் எவ்வளவு லோடு, பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓட வேண்டும், அறை எவ்வளவு சூடாகும். பதினோராவது இது: "ஆயுத பூஜையன்று உங்கள் இயந்திரங்களை எப்படி ஓட்டுவீர்கள்?" யாரோ ஒரு பக்தர் எழுதியிருக்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். எழுதியது நான்தான், கண்ணுகளா. பக்தியால் எழுதவில்லை. பயத்தால் எழுதினேன்.

மூன்று ஃபேஸ் யுபிஎஸ்ஸுக்கு எந்தச் சாமானை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று புதியவர்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டார். அதற்கு அட்டவணை இருக்கிறது, கேட்லாக் இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் மென்பொருள் இருக்கிறது. எனக்கு இருந்தது கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரும் வாயும்தான். கணபதிப் பகுதியில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். கல்லூரிப் படிக்கட்டு ஏறியதே யுபிஎஸ் மாட்டப் போனபோதுதான். படிக்காதவனுக்கு ஒரு வசதி உண்டு. தெரியாததைக் கேட்க வெட்கம் வராது. அப்படிக் கேட்டுக் கேட்டே டிசைன் பிரிவு வரை வந்துவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன். அந்த ஒரு தடவைதான் இந்தப் பதினோராவது கேள்வி.

அவிநாசி ரோட்டில் அரசூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தார் புது ஷெட் போட்டார்கள். எட்டு சிஎன்சி மிஷின். பம்புக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுக்கும் தொழில். சத்யா என்ற பெண்தான் அந்த ஷெட்டுக்காக ஓடியாடிக்கொண்டிருந்தார். அப்பா உடம்புக்கு முடியாமல் ஒதுங்கிவிட, தொழிலில் பாதிப் பங்கு சித்தப்பாவிடம் இருந்தது. அந்த சித்தப்பாவின் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. ஷெட்டில் வெல்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் அவரை "சித்தப்பா" என்றுதான் சொன்னார்கள். இடுப்பு பெல்ட்டில் ஷெட்டுச் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, நடக்கும்போது கோயில் காளை மாதிரி சத்தம் எழுப்பிக்கொண்டு வருவார்.

கரண்ட் ஒரு கண் சிமிட்டினால் போதும், சிஎன்சி மிஷின் நடுவெட்டில் நின்று, டூல் உடைந்து, பாகமும் வீணாகிவிடும். அதனால் சத்யா யுபிஎஸ் வேண்டும் என்றார். சித்தப்பா பெரிய ஜெனரேட்டராக வாங்கலாம் என்றார்.

"ஜெனரேட்டர் எந்திரிச்சு வாரதுக்குப் பத்து செகண்டு ஆகுமுங்க சித்தப்பா. டூல் உடையறதுக்கு அரை செகண்டு போதும்."

"அம்மணி, ஜெனரேட்டருன்னா நாலு ஊருக்குக் கேக்கும். இந்தப் பொட்டி சத்தமே போடாது. சத்தம் போடாத சாமானை நம்பி எட்டு மிசினை விடறதா?"

என் எதிரிலேயே நடந்த பேச்சு இது. கடைசியில் சித்தப்பா ஒரு முடிவு சொன்னார். பொட்டியே வாங்கிக்கொள்ளட்டும். ஆயுத பூஜையன்று ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், எல்லாம் வந்திருக்கும்போது, அதே பொட்டியில் எட்டு மிஷினும் ஓட வேண்டும். ஓடினால் ஷெட்டுச் சாவி சத்யாவுக்கு. இல்லாவிட்டால் ஷெட்டைத் தன் மகன் பார்த்துக்கொள்வான். சத்யா பழையபடி ஆபீஸில் உட்கார்ந்து பில் போடட்டும்.

சத்யா என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். "எட்டென்னங்க, பத்தே ஓட்டலாமுங்க" என்று சொன்ன வாய் இதே வாய்தான்.

மூன்று நாள் அவர்களுடைய பழைய ஷெட்டிலேயே கிடந்து அளந்தேன். அங்கேயும் அதே மாதிரி எட்டு மிஷின்கள். காலையில் ஒருவர் வருவார், மிஷினைப் போடுவார். அடுத்தவர் டீ குடித்துவிட்டு வருவார். மூன்றாமவருக்குப் பஸ் கிடைத்திருக்காது. எட்டும் உயிர் பெறுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். "எல்லாத்தையும் ஒண்ணாப் போடுவீங்களா?" என்று கேட்டேன். "அதெப்படிங்க, அவங்கவங்க வாரப்பதானுங்க போடுவாங்க" என்றார் சத்யா. அவர் சொன்னது சத்தியமான உண்மை. வேலை நாளைப் பற்றிக் கேட்டேன், வேலை நாளைப் பற்றிச் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், மிச்சக் கதை புரிவதற்காக. யுபிஎஸ்ஸால் தாங்க முடியாத இழுப்பு வந்தால், அது லோடைத் தூக்கி நேராக ஈபி லைன் மேல் வைத்துவிடும். அந்தக் குறுக்கு வழிதான் பைபாஸ். அதன் கதவு தைரிஸ்டர். தைரிஸ்டருக்குக் காவல் ஒரு ஃபியூஸ். அந்த சிஎன்சி மிஷின் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. மெயினைப் போடும் அந்தக் கணத்தில், நாள் முழுக்க இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை ஒரு மடக்கில் குடித்துவிட்டு அப்புறம் சாதுவாகிவிடும். ஒன்று குடித்தால் யுபிஎஸ் தாங்கும். எட்டும் ஒரே மடக்கில் குடித்தால் பைபாஸ் கதவு திறக்க வேண்டும், கதவு பெரிதாகவும் இருக்க வேண்டும்; சிறிதென்றால் ஃபியூஸ் போய் மொத்தமும் நின்றுவிடும்.

பெரிய தைரிஸ்டர் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சத்யாவுக்கோ பூஜைக்கு முன்னால் யுபிஎஸ் வேண்டும். ஸ்டோரில் ஒரு அளவு சிறியது இருந்தது. "எட்டும் ஒண்ணா எங்கே வரப்போகிறது" என்று நினைத்துச் சிறியதையே எடுத்தேன், அதற்குத் தக்க சின்ன ஃபியூஸையும்.

ஸ்டோரில் அப்போது ஒரு அக்கா இருந்தார். சாமான் எடுத்துத் தருவதைவிடப் பேச்சு எடுத்துத் தருவதில் கெட்டிக்காரர். கேட்லாக்கில் போட்டிருக்கும் அளவைப் பற்றி அவர் சொல்வது இது: "அதெல்லாம் பொண்ணு பார்க்க அனுப்பற போட்டோங்க. ஆளை நேர்ல பார்த்துத்தான் முடிவு பண்ணோணும்."

அன்று லிஸ்டையும் என் கையிலிருந்த சாமானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, லிஸ்டுல பெருசு எழுதியிருக்குது. கையில சின்னது போகுது."

"போதுமுங்க அக்கா. அளந்து பார்த்துப்போட்டேன்."

"அளந்தது நீங்க. அப்ப இந்தக் காயிதத்துல ஒரு கையெழுத்தும் போட்டுப்போட்டு எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு எங்கிட்ட வந்து யாராச்சும் கேட்டா, நான் காயிதத்தைக் காட்டோணுமல்ல."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். சாமான் கொடுப்பவர் கையெழுத்துக் கேட்கும்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

யுபிஎஸ் போனது, மாட்டினோம், இரண்டு வாரம் அருமையாக ஓடியது. ஆயுத பூஜைக்கு சத்யாவே நேரில் வந்து அழைத்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்குப் போகிற தோரணையில் போய் இறங்கினேன். ஷெட் முழுக்க வாழை மரம், மாவிலைத் தோரணம், மிஷினுக்கு மிஷின் சந்தனப் பொட்டு. யாரோ நம் யுபிஎஸ்ஸுக்கும் ரோஜா மாலை போட்டிருந்தார்கள். காற்று உள்ளே போகிற சல்லடையை அடைத்துக்கொண்டு மாலை தொங்கியது. அதைப் பக்குவமாக ஒதுக்கி விட்டேன். டிஸ்பிளேயின் நட்டநடுவில் ஒரு குங்குமப் பொட்டு. பேட்டரி எத்தனை சதவீதம் என்பது அதன் பின்னால் மறைந்து போயிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். எட்டு மிஷின் பக்கத்திலும் எட்டு ஆபரேட்டர்கள் புதுச் சட்டையோடு, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகள் மாதிரி, ஒரு கையை மெயின் சுவிட்ச் பக்கம் நீட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷெட் எலெக்ட்ரீஷியனைக் கேட்டேன். "என்னங்க பண்றாங்க?"

"பூஜைக்குங்க. சித்தப்பா கற்பூரம் காட்டி மணி அடிச்சதும் எட்டுப் பேரும் ஒண்ணா மெயினைப் போட்டு ஓட்டோணும். பழைய ஷெட்டுல வருசா வருசம் அப்பிடித்தானுங்க. ஒரே மணிக்கு எட்டும் எந்திரிக்கும், பாருங்க, மயிர் சிலிர்த்துப் போகும்."

எனக்கு அப்போதே சிலிர்த்துவிட்டது.

வெட்கக்கேடு என்னவென்றால், இது எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. ரீவைண்டிங் கடையில் நானே மணியடிக்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து சுவிட்சைத் தட்டியிருக்கிறேன். இந்த ஊரில் எந்தப் பட்டறையில் பூஜைக்குப் போனாலும் இதுதான் நடக்கும். ஒவ்வொரு வருடமும் பார்த்துப் பொரி வாங்கித் தின்றவன், அளக்கப் போன மூன்று நாளும் அதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மிஷினுக்கு வேலை நாள் மட்டும்தான் உண்டு, நோம்பி, பண்டிகை கிடையாது என்று நினைத்துவிட்டேன்.

நல்ல நேரம் தொடங்க முக்கால் மணி நேரம் இருந்தது. எலெக்ட்ரீஷியனைத் தனியே இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அசரவில்லை. "அட, இதுக்கா முழிக்கறீங்க? எங்கிட்டப் பெரிய ஃபியூஸ் கிடக்குது. மாத்திப்போட்டா ஆச்சு."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. மாற்றினால் ஃபியூஸ் தாங்கும், அதற்குப் பதில் தைரிஸ்டர் போகும். சத்தத்தோடும் புகையோடும் போகும். கற்பூரப் புகையோடு சேர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது என்றுகூட ஒரு கெட்ட புத்தி எட்டிப் பார்த்தது. வேண்டாம் என்றேன். நெருக்கடியில் முதலில் கைக்கு வருகிற யோசனை எப்போதும் ஃபியூஸைப் பெரிதாக்குவதுதான். அதை முதலில் தள்ளிவைத்துவிட்டு அப்புறம் யோசியுங்கள்.

சத்யா பூசணிக்காயை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். நாற்பது ஒறம்பரை ஷெட்டுக்குள் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவரிடம் எப்படிச் சொல்வது?

"அம்மணி, ஒரு தப்பு பண்ணிப்போட்டேனுங்க."

"சொல்லுங்க."

"எட்டையும் ஒண்ணாப் போட்டா பொட்டி தாங்காதுங்க. மொத்தமும் நின்னுபோகும். ஒவ்வொண்ணாப் போட்டா ஒண்ணும் ஆகாது, எட்டும் ஓடும். பெரிய சாமான் போட்டிருக்கோணும். சின்னதப் போட்டுட்டேன்."

அவர் கையிலிருந்த பூசணிக்காயைக் கீழே வைக்கவில்லை. என் மேல் எறிவாரோ என்று ஒரு சந்தேகம்.

"இதை எப்ப கண்டுபுடிச்சீங்க?"

"இப்பத்தானுங்க. அஞ்சு நிமிசம் ஆச்சு."

"சரி. வேற வழி?"

"ஒண்ணு இருக்குதுங்க. பொட்டிக்குப் பின்னால கையால போடற ஒரு சுவிட்சு இருக்குது. அதைத் திருப்பிப்போட்டா லோடெல்லாம் நேரா ஈபி-யில ஓடும். பொட்டி சும்மா லைட்டு எரிஞ்சிட்டு நிக்கும். யாருக்கும் தெரியாதுங்க."

அவர் முகம் சுருங்கியது. "பொட்டியில ஓடோணும்னு சித்தப்பா சொன்னாரு. ஈபி-யில ஓட்டிப்போட்டு, பொட்டியில ஓடுதுன்னு சாமி முன்னால நிக்கச் சொல்றீங்களா? அது வேண்டாமுங்க. பொட்டியிலயே ஓட்டலாம். ஒவ்வொண்ணாப் போட்டா ஓடுமல்ல? நடுவுல எவ்வளவு நேரம் வேணும்?"

"ஒரு நிமிசம் இருந்தாப் போதுமுங்க."

"அவ்வளவுதானா?" என்றார். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதை எந்தக் கேட்லாக்கிலும் பார்க்க முடியாது. "ஒரு நிமிசம் என்னங்க, எங்க ஒறம்பரையை உட்டா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒம்போது நிமிசம் வாங்கித் தாரேன்."

நல்ல நேரம் வந்தது. சித்தப்பா கற்பூரத் தட்டை எடுத்தார். சத்யா முன்னால் வந்து, பணிவென்றால் அப்படி ஒரு பணிவு, குரலை இறக்கிச் சொன்னார்:

"சித்தப்பா, புது ஷெட்டுங்க. இங்க மொத ஆயுத பூஜை. ஆபரேட்டருங்க போடறது நாளைக்கும் இருக்குது. இன்னைக்கு நம்ம ஒறம்பரை கையால போடட்டுமுங்க. மிசினுக்கு ஒருத்தரு, முறைப்படி. மணி ஒவ்வொரு மிசினுக்கும் நீங்கதான் அடிக்கோணும்."

ஒரு மணிக்குப் பதிலாக எட்டு மணி. சித்தப்பாவுக்கு அதில் ஆட்சேபணை இருக்குமா? கூட்டம் "நல்ல யோசனைங்க" என்றது. அடுத்த நொடியே சண்டை ஆரம்பித்தது.

முதல் மிஷின் யாருக்கு? தாய்மாமனுக்கு என்றார் ஒருவர். அத்தை இருக்கும்போது மாமனா என்றார் இன்னொருவர். சத்யாவுக்குத் தாய்மாமன் இரண்டு பேர். பெரியவர் தாராபுரத்துக்காரர், சின்னவர் காங்கயத்துக்காரர். பெரியவருக்கு முதலாவது என்று முடிவானதும், காங்கயத்து மாமன் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப எனக்கு ரெண்டாவதுதானுங்களே?"

"ரெண்டாவது அத்தைக்குங்க."

"அத்தைக்கு ரெண்டாவதா? காதுகுத்துக்குச் சீரு கொண்டாந்தது யாருங்க? அன்னைக்கு மாமன் வேணும், இன்னைக்கு மிசினுக்கு மாமன் வேண்டாமா?"

"மூணாவது வெச்சுக்கங்க மாமா, அதுதானுங்க கேமராவுக்கு நேரா இருக்கற மிசினு, போட்டோவுல நல்லா விழும்" என்றார் சத்யா. மாமன் சமாதானமானார்.

நான் யுபிஎஸ் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். குங்குமத்தைத் துடைத்துவிட்டு டிஸ்பிளேயை மட்டும் பார்த்தேன். மணி அடித்தது. பெரிய மாமன் மெயினைத் திருப்பினார். லோடு காட்டும் பட்டை விருட்டென்று மேலே போய், அப்படியே இறங்கி அமைதியானது. என் மூச்சும் அதே வழியில் போய் வந்தது.

இரண்டாவதற்கு அத்தை வந்தார். சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஷாக் அடிக்குமுங்களா?" அடிக்காது என்றேன். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். கடவுளைக் கும்பிட்டார். மறுபடி என்னைப் பார்த்தார். "நெசமாவே அடிக்காதுங்களா?" அதற்குள் மூன்று நிமிடம். வாழ்க அத்தை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவதற்குக் காங்கயத்து மாமன் போய், முதலில் ஒரு சின்னப் பேச்சே பேசினார். அக்கா கல்யாணத்தில் தொடங்கி, இந்த ஷெட் இடத்துக்குத் தான் வந்து திசை பார்த்துச் சொன்னது வரை. எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பேசி முடித்து மெயினைப் போட்டார். பட்டை எழுந்தது, இறங்கியது. ஐந்தாவதில் ஒரு பங்காளி, பெரிதாகச் சிவப்பாக இருக்கிறதே என்று அவசர நிறுத்தப் பொத்தானை அமுக்கிவிட்டு, மிஷின் பேசாமல் இருப்பதைப் பார்த்து "கெரகம், எனக்குன்னு வாய்ச்சது பாரு" என்றார். அதைச் சரி செய்ய இன்னும் நான்கு நிமிடம். எட்டாவதை சத்யாவின் அப்பா, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மகள் கையைப் பிடித்துக்கொண்டு போட்டார். எட்டு ஸ்பிண்டிலும் சுழன்றன. யுபிஎஸ் பாதி லோடில், தூங்குகிற குழந்தை மாதிரி நின்றது.

கைதட்டல். சத்யா என் பக்கம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு தலையசைப்பு. நான் அதுவரை இறுகப் பிடித்திருந்த வேட்டி மடிப்பை விட்டுவிட்டு, ஒரு உருண்டை பொரியை வாயில் போட்டேன்.

பொரியை மென்று முடிக்கவில்லை. வீடியோ எடுக்க வந்தவர் குரல் கேட்டது.

"சித்தப்பா, துண்டு துண்டாத்தானுங்க எடுத்திருக்கேன். எட்டையும் ஆஃப் பண்ணிப்போட்டு, ஒரே மணிக்கு ஒருக்கா ஒண்ணாப் போட்டீங்கன்னா மேல ட்ரோன்ல எடுத்துருவனுங்க. சூப்பரா இருக்கும்."

"பண்ணிப்போடலாம்" என்றார் சித்தப்பா. "ஏனப்பா, ஆபரேட்டருங்கெல்லாம் வாங்க. ஆஃப் பண்ணுங்க."

எட்டுப் பேர் தங்கள் மிஷின் பக்கம் போனார்கள். சத்யா வாயைத் திறந்தார். இப்போது அவர் எதைச் சொன்னாலும் அது சாக்கு. இன்னொரு சடங்கைக் கண்டுபிடிப்பார், அதற்கு அந்த வீடியோக்காரர் இன்னொரு கோணம் கேட்பார். சாவி சித்தப்பா இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையது. அதற்கு இந்தப் பெண் தன் ஒறம்பரை முன்னால் இன்னும் எத்தனை தடவை கதை கட்டுவது?

நானே நடுவில் போய் நின்றேன்.

"சித்தப்பா, போடாதீங்க. ஒண்ணாப் போட்டா நின்னுபோகுமுங்க."

மணியைப் பிடித்த கை அப்படியே நின்றது. "என்ன நிக்கும்?"

"பொட்டிங்க. எட்டு மிசினு ஒண்ணா இழுத்தா தாங்கற சாமான் அதுல இல்லீங்க. அம்மணி கேட்டதெல்லாம் சரியாத்தான் கேட்டாங்க. சாமானைத் தேர்ந்தெடுத்தது நான். சின்னதா எடுத்துப்போட்டேன். மாத்தித் தாரதும் நாந்தானுங்க."

ஆபரேட்டர்கள் ஆஃப் பண்ணப் போன கையை இழுத்துக்கொண்டார்கள்.

சித்தப்பா சத்யா பக்கம் திரும்பினார். "இது உனக்குத் தெரியுமா?"

என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

"தெரியுமுங்க சித்தப்பா. பூஜை ஆரம்பிக்கறதுக்கு மின்னயே தெரியும்."

"அதுக்குத்தான் இந்த மாமன் அத்தை கூத்தா?"

"ஆமாங்க. பொட்டியில எட்டும் ஓடோணும்னு சொன்னீங்க. எப்படிப் போட்டா ஓடுமோ அப்படிப் போட்டேனுங்க. வந்தவங்களை அனுப்பிப்போட்டு, மத்தியானம் உங்ககிட்டச் சொல்லிப்போடலாம்னு இருந்தேன். வீடியோக்காரரு அவசரப்பட்டுட்டாரு."

வீடியோக்காரர் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார்.

சித்தப்பா ஓடிக்கொண்டிருந்த மிஷின் ஒவ்வொன்றையும் மெதுவாகப் பார்த்தார். பிறகு அந்த சத்தமே போடாத பொட்டியைப் பார்த்தார். பிறகு காங்கயத்து மாமனைப் பார்த்தார்.

"அப்ப நீங்க பேசுனீங்களே ஒரு பேச்சு, அது கரண்டுக்காகவா?"

மாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நான் பேசுலீன்னா இந்நேரம் பொட்டி போயிருக்கும் பாருங்க!"

முதலில் அத்தைதான் சிரித்தார். அப்புறம் ஷெட்டே சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. ஆனால் பெல்ட்டிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். அது அவ்வளவு லேசில் கழலவில்லை. ஒரு நிமிடம் பிடித்தது. சத்யா கையில் வைத்தார்.

"ஷெட்டுன்னா நாளைக்கு ஒண்ணு நிக்கும், நாளன்னைக்கு ஒண்ணு உடையும். அப்ப கேட்டா நீ இப்பச் சொன்ன மாதிரிச் சொல்லோணும். வெச்சுக்க." பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "ஆனா இந்த ஆளை மட்டும் நம்பாத" என்றார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "சாருக்கு ஜிலேபி ஒவ்வொண்ணாப் போடுங்க, ஒண்ணாப் போட்டாத் தாங்க மாட்டாரு" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னதும் அவரேதான்.

பெரிய தைரிஸ்டர் வந்தது. முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சம்மதித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாற்றினோம். வேண்டியதைவிட ஒரு அளவு எச்சாகவே போட்டேன். எட்டு என்ன, பன்னிரண்டு மிஷின் ஒரே மணிக்குப் போட்டாலும் அசையாது.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சாமானைப் பெரிதாகப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் பெரிதாகப் போடுவதற்கு டிசைன் பிரிவு எதற்கு? லோடை அளக்கப் போகும்போது மிஷினை மட்டும் பார்க்காதீர்கள். அதை வைத்திருப்பவர்களின் வருடத்தைக் கேளுங்கள். எந்த நாளில் எல்லாம் ஒன்றாக எழும் என்று கேளுங்கள். பட்டறைக்கு அது ஆயுத பூஜை. கம்ப்யூட்டரில் பரீட்சை வைக்கிற கல்லூரிக்கு, முதல் மணி அடிக்கிற நிமிடம். அங்கே நீங்கள் லீவு நாளில் போய் அளந்தால் என் கதைதான் உங்களுக்கும். இன்னொன்று: தப்பு தெரிந்ததும் முதலில் யாரை அது கீழே தள்ளுமோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் தனியாக யோசித்தால் ஃபியூஸ்தான் கைக்கு வரும். அவரோடு சேர்ந்து யோசித்தால் ஒரு காங்கயத்து மாமன் கிடைப்பார்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு ஆவலோடு போனேன். இந்தத் தடவை ஒரே மணிக்கு எட்டும் எழும், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கலாம் என்று. சித்தப்பாவும் "இன்னைக்கு ஒண்ணாப் போடலாமா?" என்று கேட்டார்.

ஒறம்பரை விடவில்லை. போன வருடம் மூன்றாவது போட்டவருக்கு இந்த வருடம் இரண்டாவது வேண்டும். போன வருடம் வராத பங்காளிக்கு விட்டுப்போன முறை வேண்டும். அத்தை இப்போது முந்தானை சுற்றாமலேயே சுவிட்சைப் போடப் பழகிவிட்டார். அதை எல்லாரும் பார்க்க வேண்டாமா? "அடுத்த வருசம் ஒண்ணாப் போட்டுப் பார்க்கலாமுங்க" என்று சத்யா என்னிடம் சொன்னார். அதற்கடுத்த வருடமும் அதையேதான் சொன்னார். அந்தப் பெரிய தைரிஸ்டர் இன்றுவரை ஒரு முறைகூட உடம்பு சூடாகாமல், வேலையில்லாமல் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது.

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அழைப்பு வருகிறது. போன பூஜைக்கு வரிசை படிக்கும்போது சத்யா, காங்கயத்து மாமனின் அந்த மூன்றாவது மிஷினுக்கு என் பெயரைப் படித்தார். எந்த உறவு முறையில் என்று மாமன் கேட்டார். சித்தப்பா மணியைக் கையில் எடுத்துக்கொண்டே, "தப்பு பண்ணுன முறையில" என்றார். நான் போய் மெயினைப் போட்டேன். மாமன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.